கோளக் கொத்துக்குள் இரவு எப்படி இருக்கும்?

சித்திரை, வைகாசி மாதங்களில் தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடுகளில் நின்று தெற்கே பார்ப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. டெல்லிக்காரருக்கு அடிவானப் புழுதியில் மங்கிப்போவதும், லண்டன்காரருக்கு ஒருநாளும் உதிக்காததுமான ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து, கோவை, திருப்பூர் அட்சரேகையில் 31 பாகை உயரம் வரை ஏறி வரும். கண்டுபிடிக்கவும் எளிது. மே மாத நடுவில் இரவு பத்தேகால் மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் உச்சிவானிலிருந்து சற்றுத் தெற்கே சரிந்து நிற்கும். அதிலிருந்து நேராகத் தெற்கே 36 பாகை இறங்க வேண்டும். கையை நீட்டி மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. ஆக மூன்றரை முஷ்டி. அங்கே சற்றுக் கலங்கிய நட்சத்திரம் போல ஒன்று தெரியும். பழங்கால வானியலாளர் டாலமி அதை நட்சத்திரம் என்றே எழுதிவைத்தார். 1603இல் வான்படம் வரைந்த பேயரும் நட்சத்திரத்துக்குக் கொடுப்பதுபோல ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்தார். 1677இல் எட்மண்ட் ஹேலி செயின்ட் ஹெலீனா தீவிலிருந்து பார்த்தபோதுதான் அது வெறும் நட்சத்திரமல்ல என்று பதிவானது.

ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு) தொலைவில், சுமார் 150 ஒளியாண்டு அகலத்துக்குள், ஒரு கோடி அளவில் விண்மீன்கள் பந்துபோலத் திரண்டு ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு சுற்றும் கூட்டம் அது. இப்படிப்பட்ட கோளக் கொத்துகள் நம் பால்வழியைச் சுற்றி 150க்கு மேல் உள்ளன. அவற்றில் இதுதான் பெரியது.

தொலைநோக்கியில் இதைக் காட்டினால் பெரும்பாலும் வரும் கேள்வி: "ஏனுங்க, அதுக்குள்ள ஒரு பூமி இருந்தா அங்க ராத்திரியே இருக்காதுங்களா?" நியாயமான கேள்வி. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் உப்பைக் கொட்டியதுபோல இடைவெளியே இல்லாமல் தெரிகிறதே. இணையத்தில் சுற்றும் ஓவியங்களிலும் அந்த வானம் பகல்போல எரிகிறது. என் பதில், இரவு நன்றாகவே இருக்கும் என்பதுதான். அங்கே நம் இரவிலிருந்து உண்மையில் மாறுபடுவது வெளிச்சமல்ல, வேறொன்று. அதற்கு முன் நெரிசலின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

சூரியனை ஒரு கடுகாகச் சுருக்கிக்கொள்வோம். 14 லட்சம் கிலோமீட்டர் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்து லட்சம் கிலோமீட்டர். பூமி அந்தக் கடுகிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, கண்ணுக்கே தெரியாத துகளாகச் சுற்றும். கடுகைக் கோவை காந்திபுரத்தில் வைத்தால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன், 4.24 ஒளியாண்டுத் தொலைவுக்காரர், பொள்ளாச்சியில் இருப்பார். நடுவே 40 கிலோமீட்டருக்கு எதுவும் கிடையாது. நம் சூரியன் வாழும் அக்கம்பக்கம் இவ்வளவுதான்.

ஒமேகா சென்டாரியின் மையத்தில் பக்கத்து விண்மீன் ஏறக்குறைய 0.1 ஒளியாண்டில் இருக்கும். கடுகுக் கணக்கில் ஒரு கிலோமீட்டர். இன்னும் நெரிசலானது 47 டுகானே என்ற கொத்து. அதன் மையத்தில் ஒரு கன பார்செக்குக்கு, அதாவது பக்கத்துக்கு 3.26 ஒளியாண்டு கொண்ட பெட்டிக்குள், ஒரு லட்சம் என்ற அளவில் விண்மீன்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் அதே பெட்டிக்குள் சராசரியாக ஒன்றுகூட முழுதாகத் தேறாது. ஒரு லட்சம் என்று வைத்துக் கணக்கிட்டால், மிக அருகிலுள்ள விண்மீன் சராசரியாக 2,500 வானியல் அலகு தொலைவில் வரும் (ஒரு வானியல் அலகு என்பது பூமி–சூரியன் தூரம்). கடுகுக்குக் கடுகு 375 மீட்டர். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒன்று, நாலு தெரு தள்ளி இன்னொன்று. நெரிசலின் உச்சம் என்று வானியலாளர்கள் சொல்லும் இடத்திலேயே இதுதான் நிலைமை. படத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிவதெல்லாம் பல ஒளியாண்டு ஆழத்துக்கு அடுக்கியிருப்பதை ஒரே தட்டில் பார்ப்பதால் வரும் மயக்கம்.

2,500 அலகு தொலைவில் சூரியன் போன்ற ஒரு விண்மீன் எப்படித் தெரியும்? வட்டத் தட்டாகத் தெரியாது. அதன் தோற்ற அகலம் ஒரு விகலைக்கும் குறைவு (பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு விகலை). அது புள்ளிதான். ஆனால் முழுநிலாவில் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம் தரும் புள்ளி.

இப்போது வானம் முழுவதுக்கும் கணக்குப் போடலாம். விண்மீன்களை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை, ஒரு குறுக்குவழி இருக்கிறது. பரந்து தெரியும் ஒரு பொருளின் பரப்புப் பிரகாசம் தூரத்தால் மாறாது. இரண்டு மடங்கு அருகில் போனால் ஒளி நான்கு மடங்கு கூடும். அது பரவித் தெரியும் பரப்பும் நான்கு மடங்கு விரியும். சதுர விகலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அதே அளவுதான். எனவே 47 டுகானேயின் மையத்தை இங்கிருந்து அளந்த எண்ணை அப்படியே எடுத்து அங்கே கொண்டுபோகலாம். அந்த எண் சதுர விகலைக்கு 14.4 ஒளித்தரம் (பிரகாசத்தை அளக்கும் அளவு). மையத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்பாதி மட்டுமே கண்ணில் படும், பின்பாதி முதுகுக்குப் பின்னால். ஆகவே பாதியாக்கினால் 15.1. (ஒளித்தரத்தில் எண் கூடினால் மங்கல் என்று பொருள். இந்த அளவுகோலுக்குத் திட்டமான கணித வடிவம் கொடுத்தவர் நார்மன் போக்சன். 1856இல் அதை முன்வைத்தார், 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து 1891இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். நம் ஊரில் அவரை நினைப்பவர் குறைவு.)

தலைக்கு மேலுள்ள அரைக்கோள வானம் முழுவதையும் சதுர விகலைகளாகப் பிரித்து இந்த 15.1ஐக் கூட்டினால் மைனஸ் 13.5 வருகிறது. முழுநிலா மைனஸ் 12.7. அதாவது வானம் மொத்தமும் சேர்ந்து இரண்டு முழுநிலா! அதிலும் அடிவானத்து ஒளி சாய்வாக விழுவதால் தரைக்கு வந்து சேர்வது உச்சியில் நிற்கும் ஒரு முழுநிலா அளவுதான், கால் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) சொச்சம். பௌர்ணமியில் மும்முனை மின்சாரம் வந்தவுடன் டார்ச் இல்லாமல் வரப்பில் நடந்து மோட்டார் போடப் போகிறவருக்கு அந்த வெளிச்சம் பழக்கமானதுதான். ஒமேகா சென்டாரியில் இன்னும் குறைவு. அது பெரிய கொத்துதான், ஆனால் மையம் தளர்வானது. அதே கணக்கை அங்கே போட்டால் தரையில் விழுவது ஓர் அரைநிலா வெளிச்சம் அளவுதான் தேறும்.

எனக்கு இந்தக் கணக்கில் பிடித்தது வேறு. ஒமேகா சென்டாரி மைய வானத்தின் பிரகாசம் சதுர விகலைக்கு 17.5 ஒளித்தரம் வருகிறது. விளக்குகள் நிறைந்த பெருநகரங்களின் நடுவே வானத்தை அளந்தாலும் ஏறக்குறைய 17, 18 என்றுதான் வரும். ஒரு கோடி விண்மீன்களின் நடுமையத்துக்கு ஈடான வெளிச்சத்தை நாமே தெருவிளக்கும் எல்இடி பலகையும் பனியன் கம்பெனி வளாக விளக்கும் கொண்டு தயாரித்துவிட்டோம். ஒரே வித்தியாசம், நம்முடையதில் நட்சத்திரம் இல்லை.

அங்கே எத்தனை நட்சத்திரம் கண்ணில் படும்? இங்கே மிக இருண்ட இடத்திலும் ஒரே நேரத்தில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறுதான். சூரியன் அளவு ஒளியுள்ள விண்மீன் 56 ஒளியாண்டு வரை வெறுங்கண்ணுக்குத் தெரியும். 47 டுகானேயில் பாதி விண்மீன்கள் மையத்திலிருந்து 20 ஒளியாண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. எனவே அந்தக் கொத்தின் சூரிய வகை விண்மீன்களில் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும் எல்லைக்குள் வரும். எண்ணிக்கை லட்சம் என்ற வரிசைக்குப் போகும். வானம் தானே ஒளிர்வதால் மங்கியவை தனித்துத் தெரியாமல் பால்போலக் கரைந்து பின்புலமாகிவிடும்.

எல்லாம் ஒரே அளவுப் புள்ளிகளாகவும் இருக்காது. கொத்துகளுக்கு வயது 1,100 கோடி முதல் 1,300 கோடி ஆண்டு. பெரிய நீல விண்மீன்கள் எரிந்து தீர்ந்து எப்போதோ வெடித்துப் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றில் சூரியனைவிட எடை குறைந்தவையே ஏராளம். ஒளியில் பெரும்பங்கைத் தருவது முதுமையில் ஊதிப்போன சிவப்பு அரக்கர்கள். அவை எண்ணிக்கையில் சொற்பம். மையத்தில் ஒரு கிரகம் இருந்தால் அருகிலுள்ள அரக்கன் வெள்ளிக் கோளைப் போல நூறு மடங்கு பிரகாசத்தில் ஆரஞ்சு நிறத்தில் நிற்கலாம். அது மட்டும் தெளிவான நிழல் விழவைக்கும். மற்றபடி ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் மரத்தடியில் கலங்கிய, ஓரமில்லாத நிழல்தான்.

பகல் பகலாகவே இருக்கும். கதிரவன் வந்துவிட்டால் இரண்டு நிலா வெளிச்சம் எந்த மூலைக்கு?

வேறொன்று என்று முன்பு சொன்னது அசைவை. நம் வானத்தின் மிகப் பெரிய குணம் அதன் நிலைப்பு. அசுவினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரங்களும் பாட்டன் பூட்டன் பார்த்த இடத்திலேயே நிற்கின்றன. கார்த்திகைக் கூட்டம் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்து நள்ளிரவில் நேரம் சொன்ன ஏத்தம் இறைத்த காலத்து மனிதர்களுக்கும், பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கும் அந்த நிலைப்புதான் முதலீடு. உண்மையில் நம் விண்மீன்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தொலைவு அதிகம் என்பதால் ஓட்டம் தெரிவதில்லை. வானத்தில் மிக வேகமாக இடம்பெயரும் பர்னார்டு விண்மீன் ஆண்டுக்குப் பத்து விகலைதான் நகர்கிறது; ஒரு நிலா அகலத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 180 ஆண்டு ஆகும். அதையும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது.

47 டுகானேயின் மையத்தில் விண்மீன்கள் ஒன்றுக்கொன்று நொடிக்கு 15 கிலோமீட்டர் அளவில் நகர்கின்றன என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு மூன்று வானியல் அலகு. 2,500 அலகு தொலைவில் இருப்பது அப்படிப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஆண்டுக்கு 260 விகலை இடம்பெயரும். ஏழே ஆண்டில் ஒரு நிலா அகலம். பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை படிப்பை முடிப்பதற்குள் அந்த நட்சத்திரம் வேறு இடத்தில் நிற்கும். 10,000 அலகுக்குள் அங்கே ஐம்பது விண்மீன்கள் வரை இருக்கலாம். ஒரு மனித ஆயுளில் அவை ஒவ்வொன்றும் ஒரு பாகை, அதற்கு மேலும் நகர்ந்துவிடும். அந்தத் தூரத்தில் சூரியனைவிடச் சிறிய, மங்கிய ஒரு சாதாரணச் சிவப்புக் குள்ளன் விண்மீன்கூட நமக்குச் சிரியஸ் தெரியும் பிரகாசத்தில் தெரியும் என்பதால் இந்த நகர்வு யார் கண்ணிலிருந்தும் தப்பாது. தாத்தா காட்டிய வடிவம் பேரன் காலத்தில் கோணலாகியிருக்கும். ராசிகளைப் பெயரிட்டு நிலைநிறுத்துவது அங்கே நடக்காத காரியம். பின்னணியில் தொலைவாக இருக்கும் ஆயிரக்கணக்கானவை கிட்டத்தட்ட நிலையாகத் தெரியும், முன்னால் இருக்கும் பிரகாசமானவை அவற்றுக்கு ஊடே ஊர்ந்து போகும். அந்த மக்களுக்கு வானம் ஆழமுள்ளது என்பது சொல்லித் தெரியவேண்டியதாக இராது.

இன்னொரு விளைவு இதைவிடப் பெரியது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் ஆறு மாத இடைவெளியில் அருகிலுள்ள நட்சத்திரங்கள் சற்று இடம் மாறித் தெரிய வேண்டும். தெரியவில்லையே என்பதுதான் பூமி சுற்றவில்லை என்று வாதிட்ட பழைய வானியலாளர்களின் கையிலிருந்த வலுவான ஆயுதம். டைக்கோ பிராஹி ஒரு கலை வரை துல்லியமாக, அதாவது 60 விகலை வரை, தொலைநோக்கி இல்லாமலே அளந்தவர். அவருக்கும் அந்த மாற்றம் கிடைக்கவில்லை. கடைசியில் 1838இல் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனில் அளந்தது வெறும் மூன்றில் ஒரு பங்கு விகலை. கொத்தின் மையத்திலோ 2,500 அலகு தொலைவு விண்மீன் பூமியின் அளவு சுற்றுப்பாதைக்கே இந்தப் பக்கம் 82, அந்தப் பக்கம் 82 என்று மொத்தம் 164 விகலை ஊசலாடும். டைக்கோவின் கருவிக்குச் சர்வசாதாரணம். சூரியனைச் சுற்றுகிறோமா இல்லையா என்ற சண்டையே அங்கே மரச்சட்டமும் நூலும் இருந்த காலத்தில் தீர்ந்துபோயிருக்கும்.

பதிலுக்கு அவர்கள் இழப்பதும் உண்டு. நம் இருண்ட வானம் சதுர விகலைக்கு 22 ஒளித்தரம்; அவர்களுடையது 15. சுமார் 600 மடங்கு வெளிச்சம். மங்கலான வேற்றுப் பால்வெளிகளை (நம் பால்வழி போன்ற பிற விண்மீன் கூட்டங்களை) அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து துழாவி எடுப்பது பெரும்பாடு. பேரண்டம் விரிகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நெடுங்காலம் ஆகியிருக்கும் என்பது என் ஊகம்.

கொத்தின் விளிம்பில் கதையே வேறு. மையத்தை விட்டு வெளியே வர வர அடர்த்தி படுவேகமாக விழும். விளிம்பிலுள்ள கிரகத்தில் ஆண்டில் சில மாதம் இரவுப் பக்கம் கொத்தைப் பார்த்திருக்கும். அப்போது வானில் ஒரு பெரிய ஒளிப்பந்து, நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் தூவலாகவும். மற்ற மாதங்களில் இரவு வெளியே பார்க்கும். 47 டுகானே பால்வழித் தட்டுக்குக் கீழே ஏறக்குறைய 10,000 ஒளியாண்டு தள்ளி நிற்பதால் நாம் உள்ளே உட்கார்ந்து பட்டையாகப் பார்க்கும் பால்வழி அங்கிருந்து சுருள் கைகளோடு விரிந்து கிடக்கும். ஓவியர்கள் இதைப் பளபளவென்று வரைகிறார்கள். அது தவறு. பரப்புப் பிரகாசம் தூரத்தால் மாறாது என்ற அதே விதி இங்கே எதிர்ப்பக்கம் வேலை செய்யும். தட்டை விளிம்புவழியாக நோக்கும் நமக்கு ஒரே திசையில் அதிக விண்மீன்கள் அடுக்காகக் கிடைக்கின்றன; மேலிருந்து நோக்குபவருக்கு அடுக்கு மெல்லியது. ஆகவே அவர்கள் காணும் சுருள், மூலனூரில் ஆனி மாதத்து இரவில் நாம் காணும் பால்வழிப் பட்டையைவிட மங்கலாகத்தான் இருக்கும், நடுப் புடைப்பு மட்டும் கொஞ்சம் எடுப்பாக.

இவ்வளவும் நிற்பதற்கு ஒரு தரை இருந்தால்தான். அதுதான் சந்தேகம்.

1999 ஜூலையில் ஹப்பிள் தொலைநோக்கி 47 டுகானேயை 8.3 நாள் விடாமல் பார்த்து 34,000 விண்மீன்களின் ஒளியைக் கண்காணித்தது. தன் விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் போன்ற கோள்கள் குறுக்கே போனால் ஒளி சற்றுக் குறையும். சூரியப் பக்கத்து விகிதப்படி 17 கோள்கள் சிக்கியிருக்க வேண்டும். ஒன்றுகூடச் சிக்கவில்லை. நெரிசல் காரணமா, உலோகப் பஞ்சம் காரணமா என்று வாதம் எழுந்தது. கோள் உருவாக இரும்பு, சிலிக்கன் போன்ற கனமான தனிமங்கள் வேண்டும். இந்தக் கொத்துகள் பேரண்டத்தின் இளம்பருவத்தில் பிறந்தவை. அந்தத் தனிமங்கள் அப்போது போதிய அளவு சமைந்திருக்கவில்லை. 47 டுகானேயில் இரும்பு நம் சூரியனில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு, மெசியே 13 என்ற இன்னொரு கொத்தில் முப்பதில் ஒரு பங்கு. 2005இல் 47 டுகானேயின் நெரிசலற்ற வெளிப்பகுதியைத் தேடியவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காதபோது உலோகப் பஞ்சத்தின் பக்கம் தராசு சாய்ந்தது. 2017இல், கோள்களைத் தேடிய கெப்ளர் விண்கலத் தரவை வைத்து மறுகணக்குப் போட்டபோது 17 என்ற எதிர்பார்ப்பே மிகை, நான்கு அல்லது அதற்கும் குறைவுதான் என்றாயிற்று. நான்கை எதிர்பார்த்த இடத்தில் பூஜ்ஜியம் வருவது பெரிய அதிசயமில்லை. கதவு முழுதாக மூடப்படவில்லை என்பதே என் வாசிப்பு.

உருவானாலும் தங்குமா? மையத்து அடர்த்தியையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால் ஒரு விண்மீனிலிருந்து 100 அலகுக்குள் இன்னொரு விண்மீன் பத்து லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை கடந்து போகும். நெப்டியூன் இருக்கும் 30 அலகுக்குள் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுக்கு ஒருமுறை. அங்கே நெப்டியூனுக்குப் பிழைப்பில்லை, தூக்கியெறியப்படும். பூமி இருக்கும் ஒரு அலகுக்குள் நூறு கோடி ஆண்டுக்கு ஒருமுறை. 1,200 கோடி வயதுக்கு இதுவும் ஆபத்துதான். சிவப்புக் குள்ளனை ஒட்டி 0.1 அலகுக்குள் சுற்றும் கோளுக்குக் கவலை மிகக் குறைவு. நெரிசல் மிகக் குறைந்த வெளிப்பகுதியில் எல்லாமே பாதுகாப்பு.

சிவப்புக் குள்ளன்கள் வெளிப்பகுதியில்தான் அதிகம் என்பது கூடுதல் அதிர்ஷ்டம். காரணத்தின் ஒரு பாதியை 1943இல் விளக்கியவர் சென்னையில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். கூட்டத்துக்குள் ஓடும் கனமான விண்மீன் தன் பின்னால் மற்றவற்றை ஈர்த்துத் திரட்டிக்கொள்கிறது. அந்தத் திரட்சி அதைப் பின்னோக்கி இழுக்கிறது. வேகம் குறைந்து மையத்தை நோக்கி மூழ்குகிறது. அது இழந்த ஆற்றலைப் பெற்ற எளியவை வெளியே தள்ளப்படுகின்றன. நியூட்ரான் விண்மீன்களும் இரட்டை விண்மீன்களும் நடுவில் குவிவதற்கும், அங்கே அவை துணை மாற்றிக்கொள்வதற்கும், மோதி இணைவதற்கும் இதுவே ஆரம்பம். ஆலன் சாண்டேஜ் 1953இல் மெசியே 3 கொத்தில் கண்ட, வயதுக்குப் பொருந்தாத நீல விண்மீன்கள் அப்படி இணைந்தோ ஒன்றன் பொருளை ஒன்று உறிஞ்சியோ இளமை திரும்பியவை.

2016 ஜனவரியில் ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் மையத்தின் ரோசான் டி ஸ்டெஃபானோவும் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் அலக் ரேயும் இந்த வாதங்களைக் கோத்து, கோளக் கொத்துகளில் வாழத்தக்க கோள்கள் நெடுங்காலம் நிலைக்கக்கூடிய பகுதி உண்டு என்று முன்வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் பேசுவதும் எளிது என்றார்கள். அது உண்மைதான். 2,500 அலகு என்பது 14 ஒளிநாள். கேள்வி கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் வந்துவிடும். நமக்கு எட்டரை ஆண்டு. வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் கிளம்பினால் அங்கே 700 ஆண்டில் அடுத்த விண்மீன், இங்கே 75,000 ஆண்டு. 1974இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து மெசியே 13 கொத்தை நோக்கி அனுப்பிய 1,679 துணுக்கு (பிட்) செய்தி போய்ச் சேர 22,000 ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கொத்துக்குள் கோள் இருப்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, ஆனால் விசித்திரமான சாட்சி. மெசியே 4 கொத்தில் ஒரு துடிப்பு விண்மீனும் (பல்சர்) ஒரு வெண்குள்ளனும் (எரிந்து தீர்ந்த விண்மீனின் மிச்சம்) ஒன்றையொன்று சுற்ற, அந்த இரண்டையும் சேர்த்து வியாழனைப் போல இரண்டரை மடங்கு எடையுள்ள கோள் ஒன்று சுற்றுகிறது. 2003இல் ஹப்பிள் வெண்குள்ளனை இனங்கண்ட பிறகு இது உறுதிப்பட்டது. கோளின் வயது 1,200 கோடி ஆண்டுக்கு மேல் இருக்கலாம். வாழ இடமில்லை, ஆனால் அந்தக் காலத்திலேயே கோள் உருவாகியிருக்கிறது.

ஒமேகா சென்டாரிக்கு மட்டும் ஒரு தனிக்கதை. 2024 ஜூலையில் வெளியான ஆய்வில், இருபதாண்டு ஹப்பிள் படங்களை ஒப்பிட்டு மையத்தில் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடும் ஏழு விண்மீன்களைக் கண்டார்கள். அவற்றைக் கட்டிப்போட அங்கே குறைந்தது 8,200 சூரிய எடையுள்ள கருந்துளை வேண்டும். இது சாதாரணக் கொத்தல்ல, பால்வழி விழுங்கிய ஒரு சிறு பால்வெளியின் மிஞ்சிய நடுப்பகுதி என்ற கருத்துக்கு அது வலுசேர்க்கிறது.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 47 டுகானே கோவை அட்சரேகையில் ஏழு பாகைக்கு மேல் எழாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகம் வேறு. உடுமலை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆனைமலையும் பழனி மலைத்தொடரும் தெற்கை அடைத்துவிடும். அதை விட்டுவிடலாம். ஒமேகா சென்டாரிக்கு மலையும் தடையில்லை, 10×50 பைனாகுலரே போதும். நிலா அகலத்துக்குப் பஞ்சுத் திட்டாகத் தெரியும், ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஓரங்கள் தனித்தனி விண்மீன்களாக உடையும். தெற்கே பெரிய ஊரில்லாத இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; திருப்பூருக்கு வடக்கே நின்றால் பார்க்கவேண்டிய திசையிலேயே ஊரின் வெளிச்சம். கோள் இருக்கும் மெசியே 4, கேட்டை நட்சத்திரத்துக்கு மேற்கே ஒன்றேகால் பாகையில். அடையாளம் காண இதைவிட எளிது வேறில்லை. ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகமும் காற்றும் சேர்ந்து வரும். பல்லடம், காங்கேயம் வரை வருவதற்குள் மேகம் கிழிந்து இடைவெளி கிடைக்கும், காற்று மட்டும் குறையாது. முக்காலிக்குக் கீழே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் படம் ஆடாமல் நிற்கும்.